கடைசி வரிக்குச் சிரிப்பு இல்லை

பல்லக்காவிடம் இருந்த ஒரு வரி தொலைந்துபோய்விட்டது.

சாவியோ மூக்குக் கண்ணாடியோ என்றால் வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடிவிடலாம். இது பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு, ஒரு மத்தியான வேளையில், வாஷிங் மெஷினின் தடதடப்புக்கு இடையே, அவளுக்கும் அவள் புருஷனுக்கும் மத்தியில் சொல்லப்பட்ட ஒரே ஒரு வரி. மெஷின் எந்தப் பக்கம் சாய்ந்து ஆடியது என்பதுகூட நினைவிருக்கிறது. வரி மட்டும் இல்லை.

எப்படித் தொலைந்தது என்பதில் மர்மம் ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளே அதை எடுத்துக்கொண்டு போய், சிரிக்க வைப்பதையே லட்சியமாகக் கொண்டு தாங்கள் மட்டும் சிரிக்காத ஒரு கூட்டத்திடம் கொடுத்து, செதுக்கிச் செதுக்கித் தொலைத்தாள்.

பல்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரா என்று கேட்காதீர்கள். அவளுக்கு டென்டல் லேபில் வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டரை ஊற்றி, ஈறுக்கு மெழுகு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, வேகவைத்து, அரைத்து, மெருகேற்றி முழுப் பல்செட்டாகத் திருப்பி அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதையே செய்கிறாள். எத்தனையோ பேருக்குச் சிரிப்பைச் செய்து கொடுத்திருக்கிறாள். அதில் ஒருவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. செட் சரியில்லை என்றால் ஒரு சீட்டோடு திரும்பி வரும். 'முன்பல் நீளம், குறைக்கவும்.' 'கடி பொருந்தவில்லை, மாற்றவும்.' பல்லக்கா ஏன் எதற்கு என்று கேட்கமாட்டாள். குறைக்கச் சொன்னால் குறைப்பாள். லேபில் முதலாளி முதல் எல்லாரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது இந்தக் குணத்துக்காகத்தான். இந்தக் குணமேதான் பிற்பாடு அவளைக் கவிழ்த்தது.

புருஷன் சரக்குக் கப்பலில் என்ஜின் அறைக்காரர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. கல்யாணமாகி இருபது வருஷம் என்று சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஐந்து வருஷம் தேறாது. ஒரே மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீட்டில் மிச்சம் பல்லக்காவும், கல்யாணத்துக்கு வந்த அந்தப் பழைய வாஷிங் மெஷினும்தான்.

அந்த மனிதர் வீட்டில் இருந்தாலும் பேச்சுச் சத்தம் கேட்காது. என்ஜின் இரைச்சலில் கையால் ஜாடை காட்டியே வேலை செய்து பழகியவர். சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்றால் இரண்டு விரலைத் தேய்த்துக் காட்டுவார். போதும் என்றால் உள்ளங்கையைக் கவிழ்ப்பார். பல்லக்காவுக்கு அந்தப் பாஷை முழுக்க அத்துப்படி. ஆனால் போனில் கை தெரியாதே. அதனால் போனில் நாலே கேள்வி கேட்பார். சாப்பிட்டியா, பாப்பா பேசினாளா, உடம்பு எப்படி, கதவு தாப்பா போட்டியா.

அந்த நாலாவது கேள்வி மட்டும் தவறவே தவறாது. இங்கே பட்டப்பகலாக இருக்கும், பல்லக்கா லேபில் கையெல்லாம் மெழுகோடு நிற்பாள், அப்போதும் கேட்பார். "ஆமா, போட்டேன்" என்று சொல்லிவிட்டு வைப்பாள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இருக்கிற நாலு நிமிஷத்தில் ஒரு நிமிஷத்தைத் தாழ்ப்பாளுக்கு ஒதுக்கும் மனுஷனை என்ன செய்வது?

போன தடவை கப்பல் ஏறும்போது அவர் ஓர் ஆசையைச் சொன்னார். அடுத்த முறை வரும்போது அவளே கார் ஓட்டிக்கொண்டு வந்து தன்னை அழைத்துப் போக வேண்டுமாம். அவர் வாய்விட்டுக் கேட்டதே அபூர்வம் என்பதால் அந்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். இரண்டு முறை டெஸ்ட் கொடுத்தாள், இரண்டு முறையும் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தை இடித்தாள். லைசென்ஸ் வரவில்லை, வேறொன்று வந்து ஒட்டிக்கொண்டது.

ஒரு ஞாயிறு மத்தியானம் வகுப்பு முடிந்ததும் நல்ல மழை. மாடியில் பேச்சுக் குரல் கேட்டு ஏறிப் போனாள். சுவரெல்லாம் சாலைக் குறியீட்டு அட்டைகள். அந்தப் பக்கம் 'ஒலி எழுப்பாதே', இந்தப் பக்கம் 'எதிரே குறுகிய பாலம்'. அவற்றுக்கு நடுவே ஏழு பேர் உட்கார்ந்திருக்க, அவளுக்குப் பாடம் எடுக்கும் டிரைவிங் மாஸ்டர் நின்றுகொண்டு தன் மாமியார் வண்டி கற்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. பல்லக்கா மட்டும் வாசலில் நின்று குலுங்கிச் சிரித்தாள். மாஸ்டர் அப்போதே அவளை விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

இவர்கள் ஸ்டாண்ட்-அப் காமெடி பழகுகிறவர்கள். பகலில் ஆளுக்கொரு பிழைப்பு, ஞாயிறு மூன்று மணிக்கு இந்த மாடி. ஒருவருக்கு ஐந்து நிமிஷம், அதற்கு 'செட்' என்று பெயர். கணக்கு டீச்சர் ஒருத்தி நேரம் பார்த்து, ஒரு நோட்டில் கோடு போடுவாள். சின்னச் சிரிப்புக்கு ஒரு கோடு, வாய்விட்ட சிரிப்புக்கு இரண்டு. இரக்கப்பட்டுச் சிரிக்கக் கூடாது. போனில் பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் அடுத்த வாரம் திருத்தியதும் பழைய பதிவை அழித்துவிட வேண்டும். பழசைக் கேட்டால் பழசே வாயில் வரும் என்பது அங்கே சட்டம்.

இன்னொரு சட்டம் இதைவிட விசேஷம். அறையின் மூலையில் பழைய காரிலிருந்து கழற்றிய ஒரு சீட்டும், அதற்கு முன்னால் ஒரு ஸ்டியரிங்கும், கீழே கிளட்ச் பிரேக்கும் இருந்தன. புதிதாகச் சேருகிறவர்கள் கைகால் பழகுவதற்காக வைத்தது. பேசி முடித்தவர் நேரே போய் அதில் உட்கார வேண்டும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். மற்றவர்கள் குறை நிறை சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது, கையை எடுக்கக் கூடாது. முதல் வருஷத்தில் கருத்துக் கேட்டவர்கள் கையை ஓங்கிக்கொண்டு சண்டைக்குப் போனார்களாம். அதற்கு மாஸ்டர் கண்டுபிடித்த வைத்தியம் இது. ரொம்ப வலித்தால் கிளட்சை மிதித்துக்கொள்ளலாம். எல்லாம் முடிந்ததும் "நன்றி" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லி இறங்க வேண்டும்.

பல்லக்கா மூன்றாவது வாரம் எழுந்து நின்றாள். இவள் வேலையும் செட், பொழுதுபோக்கும் செட் என்று கூட்டத்தில் ஒருவரான மருந்துக்கடைக்காரர் ஒரு ஜோக் சொன்னார். யாரும் சிரிக்காததால் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேறென்ன சொல்வதென்று தெரியாமல் புருஷன் கதையைச் சொன்னாள். கல்யாணமான இருபதாம் நாள் கப்பல் ஏறியவர் ஒன்பது மாதம் கழித்து முதல் விடுப்பில் வந்தார். வந்தவருக்கு இரண்டு நாளாக ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. இத்தனை நாள் என்ஜின் இரைச்சலிலேயே தூங்கிய உடம்பு. வீட்டு அமைதி அதற்கு ஆகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பல்லக்கா துணியே போடாமல் வாஷிங் மெஷினை ஓடவிட்டாள். சமையலறைக்கு வெளியே நடையில் மெஷினுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தவர் அப்படியே கண்ணை மூடினார். இவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் அந்த வரி. அந்த வரியையும் சொல்லி முடித்துவிட்டு ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தாள்.

டீச்சர் நோட்டைப் பார்த்தாள். "சம்பவம் நல்லா இருக்கு. துணி இல்லாம ஓட்டினதுக்கு ரெண்டு கோடு விழுந்திருக்கு. கடைசி வரிக்குச் சிரிப்பு இல்லை. மாத்திடுங்க."

"பல்லக்கா, நீங்க எதையும் சொல்லாதீங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். "எல்லாத்தையும் அவர் வாயில போடுங்க. அவர் சொல்லணும், நீங்க திருதிருன்னு முழிக்கணும். அப்பத்தான் கூட்டம் உங்க பக்கம் வரும்."

பல்லக்கா நன்றி சொல்லி இறங்கினாள். இப்படிச் சீட்டு எழுதித் திருப்பி அனுப்புவது அவளுக்குப் புதிதா என்ன? வீட்டுக்குப் போய்க் கடைசி வரியை அரைத்து எடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் கதையில் புருஷன் "சத்தம் பத்தல, உள்ள ரெண்டு கரண்டியைப் போட்டு ஓட்டு" என்றார். ஒரு கோடு. அதற்கடுத்த வாரம் குறட்டை விட்டார். பிறகு தொப்பை வைத்தார். மாஸ்டர் சொன்னபடி கொஞ்சம் அசடானார், டீச்சர் சொன்னபடி கொஞ்சம் வாய்த்துடுக்கும் சேர்ந்தது. நாலாம் மாதம் மருந்துக்கடைக்காரர் ஒரு முடிவைத் தானம் செய்தார். மெஷின் மீது சாய்ந்த புருஷன் ஒற்றைக் கண்ணைத் திறந்து சொல்கிறார்: "மெஷினை நிறுத்திட்டு நீ பேசுடி. அதே சத்தம்தான், கரண்ட்டாவது மிச்சம்!"

அன்றைக்கு எட்டுப் பேரும் தங்களை மறந்து சிரித்தார்கள். டீச்சர் இரண்டு கோடு போட்டு அதன்மேல் ஒரு வட்டமும் போட்டாள்.

ஆறாம் மாதம் தாழ்ப்பாள் சேர்ந்தது. இதை மட்டும் பல்லக்காவே கண்டுபிடித்தாள். நடுக்கடலில், நாலாபக்கமும் தண்ணீர், தன் ஜன்னலுக்கு வெளியே சுறா போகிறது, மனுஷனுக்குக் கவலை எல்லாம் வீட்டுக் கதவைப் பற்றி. பட்டப்பகலில் போன் போட்டு, "கதவு தாப்பா போட்டியா?" புயல் நடுவே போன் போட்டு, "கதவு தாப்பா போட்டியா?" ஐந்து நிமிஷத்தில் மூன்று தடவை அதைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஏழு கோடு. அந்த மாடியில் அதுவரை யாரும் ஒரே விஷயத்தில் ஏழு வாங்கியதில்லை.

இதில் அவளுக்கு வேறொரு லாபமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மேடையில் நிற்கும் அந்த ஐந்து நிமிஷமும் அவர் பக்கத்தில் இருந்தார். அவர் குரலில் பேசுவாள், அவர் மாதிரி கழுத்தைச் சொறிவாள். வாரம் முழுக்க ஆளில்லாத நாற்காலிக்கு எதிரே சாப்பிட்டவளுக்கு ஞாயிறு மூன்று மணிக்குப் புருஷன் வந்தார். அதற்காகவே அவள் ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

எட்டாம் மாதம் நூலக அரங்கில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பொது நிகழ்ச்சி வைத்தார்கள். இருநூறு பேர். பல்லக்காவைத்தான் கடைசியில் இறக்கினார்கள். கூட்டம் தாழ்ப்பாளுக்குக் கைதட்டியது, வாஷிங் மெஷினுக்கு விழுந்து விழுந்து சிரித்தது. அந்த வீடியோவைப் புருஷனுக்கு அனுப்பினாள். கப்பலுக்குப் போய்ச் சேர இரண்டு நாள் பிடித்தது. 'பார்த்தேன். எல்லோரும் பார்த்தோம்' என்று பதில் வந்தது.

விடுதியிலிருந்து நிகழ்ச்சிக்கு வந்திருந்த மகள்தான் மறுநாள் ஞாயிறு காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "அம்மா, அப்பாவாவது அப்படிப் பேசறதாவது! அன்னைக்கு நிஜமா என்னதான் நடந்துச்சு?"

பல்லக்கா சொல்வதற்கு வாயைத் திறந்தாள். "மெஷினை நிறுத்திட்டு நீ பேசுடி" என்றுதான் வந்தது. தலையை உதறிக்கொண்டு மறுபடி யோசித்தாள். கரண்டி வந்தது. குறட்டை வந்தது. அவற்றுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருஷம், அவர் இல்லாத மாதங்களில், துணி துவைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு இருந்த மத்தியானம் அது. அவளுடைய முழுச் சொத்தே அதுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த ஞாயிறு மாடியில் எல்லாரையும் கேட்டாள். "நான் முதல் தடவை பேசினப்போ கடைசியா என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?" கரண்டிதான் என்று மாஸ்டர் அடித்துச் சொன்னார். மருந்துக்கடைக்காரரோ முதல் நாளிலிருந்தே தன்னுடைய வரிதான் என்றார். அவர்கள்மேல் குற்றமில்லை, அடுத்தவர் பேசும்போது தன்னுடையதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருப்பது அந்த மாடியில் எல்லாருக்கும் உள்ள வியாதி. டீச்சர் பொறுப்பாகப் பழைய நோட்டை எடுத்துப் புரட்டிக் காட்டினாள். தேதி இருந்தது, கோடுகள் இருந்தன. கீழே அவள் கையெழுத்தில், 'கடைசி வரி: சிரிப்பு இல்லை.' வரி இல்லை.

இனி அதைத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவர் வர இன்னும் ஐந்து வாரம். போனில் கேட்க மனசு வரவில்லை. அலை அடிக்கும்போது பாதி வார்த்தை விழுங்கிவிடும் லைன் அது. நேரில் வரட்டும், நடையில் உட்கார வைத்து, மெஷினை ஓடவிட்டுக் கேட்கலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் வருவதற்காக அவள் ஏங்காத வருஷம் கிடையாது. இந்த வருஷம் அந்த ஏக்கத்தோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது.

வந்தார். இவளுக்கு லைசென்ஸ் இல்லாததால் வாடகைக் காரில்தான் வந்து இறங்கினார். இன்னும் கொஞ்சம் இளைத்து, காதோரம் இன்னும் கொஞ்சம் நரைத்து. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, கழுத்தைச் சொறிந்துகொண்டு, சத்தமாகச் சொன்னார்: "என்னடி, மெஷின் ஓடுதா, இல்ல நீ பேசிட்டிருக்கியா?"

பல்லக்கா திருதிருவென்று முழித்தாள். இருபது வருஷத்தில் அவர் அவளை 'டி' போட்டுப் பேசியதில்லை.

மூன்று நாளும் அப்படியே நடந்தது. உப்பு போதவில்லை என்பதற்கு விரலைத் தேய்க்காமல், "கடல் தண்ணியே தேவலாம் போலிருக்கே!" என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார், சிரிக்கிறாளா என்று. பல்லக்கா சிரித்தாள். அது அந்த மாடியில் தடை செய்யப்பட்ட வகைச் சிரிப்பு.

நாலாம் நாள் மத்தியானம் மெஷினை ஓடவிட்டாள். அவர் வந்து முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "ஏங்க, மொதல் லீவுல இதே மாதிரி உக்காந்திருந்தீங்களே. அன்னைக்கு என்ன சொன்னீங்க?"

"மெஷினை நிறுத்திட்டு நீ பேசுடி. அதே சத்தம்தான், கரண்ட்டாவது மிச்சம்" என்றார் அவர், ஒரு சொல் பிசகாமல்.

பல்லக்கா எழுந்து போய்ச் சமையலறையில் ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள். அழுகை அழுகையாக வந்தது. இருந்த ஒரே சாட்சியையும் அவளே கெடுத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு அவரையும் மாடிக்கு அழைத்துப் போக வேண்டியதாயிற்று. மாஸ்டர் போன் மேல் போன் போட்டுவிட்டார். கல்யாண மாப்பிள்ளைக்குக் கிடைக்கிற வரவேற்பு. "சார், நீங்கதானா அது!" என்று மருந்துக்கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஒரே ஒரு வாட்டி, உங்க வாயாலேயே சொல்லுங்க சார், மெஷின் மேட்டரை."

அவர் மறுக்கவில்லை. முன்னால் போய் நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கழுத்தைச் சொறிந்து, அந்த வரியைச் சொன்னார். எட்டுப் பேரும் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரின் பேனா நோட்டுக்கு மேலேயே நின்றது. சிரிப்பு வரவில்லை.

சட்டம் சட்டம்தான் என்று அவரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தார்கள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார்" என்றார் மருந்துக்கடைக்காரர். "நீங்க இன்னும் கொஞ்சம் அவரை மாதிரி பண்ணணும்."

"குரல் ஏறல" என்றாள் டீச்சர். "அவர் பேசினா பின் வரிசைக்குக் கேக்கும்."

"அந்த ஆளுகிட்ட ஒரு தெனாவட்டு இருக்கும்" என்றார் மாஸ்டர். "உங்ககிட்ட அது பத்தல."

ஒருவர் மாற்றி ஒருவர் அவருக்கே அவர் எப்படிப்பட்டவர் என்று விளக்கினார்கள். பல்லக்காவுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவர் விருந்துக்கு வந்த இடத்தில் சட்டத்தை மீறுகிறவர் இல்லை. பார்வை மட்டும் அவள்மேல் இருந்தது. கால் கிளட்சை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போது அவருடைய வலது கை ஸ்டியரிங்கிலிருந்து எழுந்தது. தன் வாயைத் தொட்டு உள்ளங்கையைக் கவிழ்த்தார். பிறகு அவளைச் சுட்டிக் காட்டி விரல்களைப் பூப்போல விரித்து மூடினார். வந்ததிலிருந்து அவர் கையால் பேசியது அதுதான் முதல் தடவை.

"கை ஸ்டியரிங்ல இருக்கணும் சார்" என்றார் மாஸ்டர்.

அவர் கையைத் திருப்பி வைத்துவிட்டு, "நன்றி" என்று சொல்லி இறங்கினார். அந்த ஜாடை அறையில் ஒருவருக்கும் புரியவில்லை. பல்லக்காவுக்குப் புரிந்தது. நான் சொல்லவில்லை, நீ சொன்னாய்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. சிமென்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவர்தான் ஆரம்பித்தார். பழைய குரல், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரல்.

"அந்த வீடியோவைக் கப்பல்ல எல்லாரும் போட்டுப் போட்டுப் பாத்தாங்க. உன் புருஷன் எப்படிப் பேசறான் பாருன்னு எனக்கே காட்டினாங்க. எனக்கும் அந்த ஆளைப் புடிச்சுது. உனக்கும் அவனைத்தான் புடிக்குது போலன்னு தோணுச்சு. அதான் ராத்திரி டூட்டியில தனியா நின்னு சொல்லிப் பழகினேன். ஊருக்குப் போறப்போ அவனா போகலாம்னு பாத்தேன்."

"உங்களை யாரு அவனா வரச் சொன்னது?" பல்லக்காவுக்குக் குரல் உடைந்தது. "நான் நீங்க அன்னைக்குச் சொன்னதைத்தான் தேடிட்டிருக்கேன். வாரா வாரம் மாத்தி மாத்தி, எனக்கு மறந்தே போச்சுங்க."

"நான் எதுவுமே சொல்லல. நான் தூங்கிட்டேன்னு நெனச்சு நீதான் சொன்னே. மெஷின்கிட்ட சொல்ற மாதிரி."

"நானா? என்ன சொன்னேன்?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, மேடைக் குரலோ ஏற்ற இறக்கமோ இல்லாமல், அவள் அன்றைக்குச் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்.

"'ஒம்பது மாசமா ராத்திரியில கதவைத் தாப்பா போடாமத்தான் தூங்கறேன். நடுக்கடல்ல இருக்கற மனுஷன் எப்படி வருவாருன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒருவேளை வந்து தட்டி, எனக்குக் கேக்காம, திரும்பிப் போயிட்டா?'"

வரி வந்துவிட்டது. அதோடு அந்த வருஷத்து வீடும் வந்தது. சாத்தி மட்டும் வைத்த கதவு, காற்றுக்கு அது அசைந்தால் எழுந்து உட்காருவது, மறுநாள் காலையில் அவளுக்கே வெட்கமாக இருப்பது, எல்லாம் வந்தது. இத்தனை நாள் அதை அவர் வாயில் தேடிக்கொண்டிருந்தாள்.

"நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன்" என்றார் அவர். "கண்ணைத் தொறந்தா அழுதுடுவேன்னு தொறக்கல. அடுத்த தடவை கப்பல் ஏறினதுலேருந்து எனக்கு அதே நெனப்பு. நீ தனியா, தொறந்த வீட்ல தூங்கறியேன்னு. வேற என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

ஏழு கோடு. இருநூறு பேர் கைதட்டல். புயலையும் சுறாவையும் சேர்த்து அவள் அவரைக் கேலிப் பொருளாக்கிய அந்தக் கேள்வி. அதையும் அவர் கப்பலில் மற்றவர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பார்த்தேன், எல்லோரும் பார்த்தோம். பல்லக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் வந்து நின்று, யாரும் ஏறாததால் புறப்பட்டுப் போயிற்று. அடுத்த பஸ்ஸில் போனார்கள்.

மிச்சமிருந்த பன்னிரண்டு வாரமும் அவர் விரலைத் தேய்த்துத்தான் உப்பு கேட்டார். பிறகு, எப்போதும்போல, போய்விட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு பல்லக்கா ஐந்து நிமிஷம் பேசினாள். டிரைவிங் டெஸ்டில் மூன்றாம் முறையாகக் கம்பத்தை இடித்த கதை. தாழ்ப்பாள் இல்லை, வாஷிங் மெஷின் இல்லை, புருஷனே இல்லை. ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் டீச்சர் நோட்டைத் தட்டினாள். "கையில இருந்த ஏழு கோட்டை யாராவது தூக்கிப் போடுவாங்களா பல்லக்கா? அந்தத் தாப்பா விஷயத்தைத் திருப்பிக் கொண்டு வாங்க." மருந்துக்கடைக்காரர் தன் வரி போனதில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பல்லக்கா கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை, கிளட்சையும் மிதிக்கவில்லை. நன்றி என்று சொல்லி இறங்கிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. லைன் மோசம். வார்த்தைக்கு வார்த்தை நடுவில் கடல் இரைந்தது. சாப்பிட்டியா என்றார். பாப்பா பேசினாளா என்றார். உடம்பு எப்படி என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். கேட்கலாமா வேண்டாமா என்ற தயக்கம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"கேளுங்க" என்றாள்.

"கதவு தாப்பா போட்டியா?"

"போட்டுட்டேங்க" என்றாள் பல்லக்கா. "நீங்க வந்தா தட்டுங்க. எனக்குக் கேக்கும்."